பழைய மாருதி 800: எந்த அறிகுறிக்கு எங்கே கை வைப்பது

என் மாருதி 800 2004-ஆம் வருஷத்து வண்டி. மூன்று சிலிண்டர், 796 சி.சி., எம்.பி.எஃப்.ஐ., அதாவது கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும் வகை. இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது. 15 வருஷம் முடிந்ததும் 2019-இல் ஆர்.சி. புதுப்பித்தேன், கட்டணம் 600 ரூபாய். 2024-இல் மறுபடி போனபோது அது 5,000 ரூபாய் ஆகியிருந்தது. "வண்டியை வித்தாலே அவ்வளவுதானே வரும்" என்று வீட்டில் சிரித்தார்கள். இந்த மாடல் தயாரிப்பு 2014 ஜனவரியோடு நின்றுவிட்டது. ஆனாலும் ஆம்னியோடும் பழைய ஆல்டோவோடும் பல பாகங்கள் பொது என்பதால் சாமானுக்குப் பஞ்சம் இல்லை. சின்ன ஊர் ஸ்பேர் கடையில் கிடைக்காததற்குச் சென்னை புதுப்பேட்டை இருக்கிறது.

சாமான் சுலபமாகவும் மலிவாகவும் கிடைப்பதில்தான் சிக்கல். "இதை மாத்திப் பாப்போம், சரியாகலன்னா அதை மாத்திப் பாப்போம்" என்று கிளம்பிவிடுகிறோம். அந்த வழியில் நான் ஒரு பேட்டரி, ஒரு செல்ஃப் மோட்டார் கார்பன் செட், ஒரு பெட்ரோல் பம்ப் என்று வாங்கியிருக்கிறேன். கழற்றி வைத்த மூன்றும் நல்ல நிலையில் இருந்தவை. அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் என்ன மாற்றுவது என்பதைவிட, மாற்றுவதற்கு முன் எதை அளப்பது, எதைத் தொட்டுப் பார்ப்பது என்றுதான் எழுதியிருக்கிறேன்.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்டர் பல்பு, 8 முதல் 19 வரை ஸ்பானர், பிளக் ஸ்பானர், ஜம்பர் கேபிள், ஜாக்கி, அதோடு இரண்டு ஸ்டாண்டு. ஸ்டாண்டு இல்லாமல் வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். வண்டியோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றத்தான்.

சாவி திருகினால் செல்ஃப் எடுக்கவில்லை

முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். "டக டக டக" என்று தொடர்ந்து அடித்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் லூஸ். ஒரே ஒரு "டக்" கேட்டு அடங்கினால் சாலினாய்டு (செல்ஃப் மேல் இருக்கும் காந்த சுவிட்ச்) வேலை செய்கிறது, மோட்டாருக்குப் போதுமான கரன்ட் போகவில்லை. சத்தமே இல்லை, ஹெட்லைட் மட்டும் பளிச்சென்று எரிகிறது என்றால் சாவி சுவிட்ச் முதல் செல்ஃபுக்கு வரும் சின்ன ஒயர் வரை எங்கோ துண்டிப்பு. அந்தச் சின்ன ஒயரின் கிளிப் துருப்பிடித்துக் கழன்றிருப்பது ரொம்ப சகஜம்.

அடுத்து மீட்டர். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் ஆல்டர்னேட்டர் அல்லது அதன் பெல்ட். இவ்வளவும் சரியாக இருந்தும் செல்ஃப் முனகுகிறதா? அப்போது எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடு சேர்க்கும் இணைப்பு.

இதில் ஏமாந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். காலையில் நன்றாக எடுக்கும், கடைக்குப் போய்விட்டுத் திரும்ப வந்தால் எடுக்காது. ஒரு பட்டறையில் பேட்டரி போச்சு என்றார்கள், மாற்றினேன். இரண்டு வாரம் கழித்து அதே கதை. செல்ஃபைக் கழற்றிக் கார்பன் மாற்றினார்கள். மறுபடியும் அதே. கடைசியில் நாமக்கல்லில் லாரிகளுக்கு ஒயரிங் செய்யும் ஒருவர் தற்செயலாகப் பார்த்துவிட்டு, "தம்பி, பாசிட்டிவ் ஒயரை எல்லாரும் தடவிப் பாப்பாங்க. நெகட்டிவ் எங்க போய் முடியுதுன்னு பாத்தியா?" என்று கேட்டார். பார்த்ததில்லை.

அவர் செய்தது இதுதான். மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்தார். கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் மேல் வைத்தார். கிளாம்பின் மேல் அல்ல, நடுவில் இருக்கும் ஈயக் குமிழின் மேலேயே. சிவப்பு முனையை இன்ஜினில் பெயின்டோ கிரீஸோ இல்லாத ஒரு போல்ட் தலையில் அழுத்தினார். பெட்ரோல் பம்ப் பியூஸைப் பிடுங்கிவிட்டு என்னைச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். நல்ல வண்டியில் அந்த நேரம் மீட்டர் 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. என் வண்டியில் 1.8 காட்டியது. அதாவது 12-இல் கிட்டத்தட்ட இரண்டு வோல்ட் எர்த் ஒயரிலேயே சூடாகி வீணாகிக்கொண்டிருந்தது. கியர்பாக்ஸில் போல்ட் போட்டிருந்த எர்த் பட்டையைக் கழற்றினால், லக்குக்கு (முனை வளையத்துக்கு) அடியில் பச்சை பூத்து, செம்பு இழைகளில் பாதி அறுந்து தொங்கின. புதுப் பட்டை 150 ரூபாய். உலோகம் பளபளக்கும் வரை உப்புத்தாளால் தேய்த்து, போட்ட பின் மேலே கொஞ்சம் வாசலின் தடவினார். அதற்கப்புறம் அந்தத் தொல்லை வரவில்லை.

மீட்டர் இல்லாவிட்டாலும் வழி உண்டு. ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜினிலும் மாட்டிச் செல்ஃப் அடித்துப் பாருங்கள். சுற்றினால் குற்றவாளி எர்த் பட்டை. இதே அளவைப் பாசிட்டிவ் பக்கமும் எடுக்கலாம்: பேட்டரி பாசிட்டிவ் குமிழுக்கும் செல்ஃபின் தடித்த போல்ட்டுக்கும் நடுவில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது.

செல்ஃப் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை

சுற்றும் சத்தம் வழக்கத்தைவிட வேகமாக, ஏற்ற இறக்கமே இல்லாமல் "விர்ர்" என்று போனால் உடனே நிறுத்துங்கள். வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி உள்ளே பாருங்கள். எதுவும் அசையவில்லை என்றால் பெல்ட்தான். பழைய வண்டி வாங்குபவர்கள் இந்தப் பெல்ட் கடைசியாக எப்போது மாறியது என்று கேட்பதே இல்லை. பதில் தெரியாவிட்டால் இன்று மாற்றிவிட்டு, தேதியையும் கிலோமீட்டரையும் பானெட்டின் உள்பக்கம் எழுதி வையுங்கள்.

சத்தம் வழக்கம்போல் இருந்தால் மிச்சம் இரண்டே கேள்வி: பெட்ரோல் வருகிறதா, கரன்ட் வருகிறதா. சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுப் பக்கம் இரண்டு விநாடி "ஊம்" என்று பம்ப் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையா? பியூஸ், அப்புறம் ரிலே. அதே வகை ரிலே வேறொன்று பெட்டியில் இருந்தால் இடம் மாற்றிப் போட்டாலே தெரிந்துவிடும். அதற்கும் பிறகுதான் பம்ப். டாங்கின் அடியில் கையால் இரண்டு தட்டுத் தட்டியதும் ஸ்டார்ட் ஆனால் பம்பின் கார்பன் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். வீடு வந்து சேரலாம், மறுநாள் மாற்றியாக வேண்டும். டாங்கில் இருக்கும் பெட்ரோல்தான் பம்பைக் குளிரவைக்கிறது. எப்போதும் ரிசர்வில் ஓட்டுபவர்களுக்குப் பம்ப் சீக்கிரம் போவதற்கு அதுவே காரணம்.

கரன்ட் பார்க்க, உதிரி பிளக் ஒன்றை ஒயரில் செருகி, அதன் உடம்பை ஜம்பர் கேபிளால் இன்ஜின் உலோகத்தோடு பிணைத்துவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். கையில் பிடித்துக்கொண்டு பார்ப்பது வீரம் இல்லை, கை உதறும். பெட்ரோல் வாடை அடிக்கும்போது இந்தச் சோதனையே வேண்டாம். பளிச்சென்ற நீலப் பொறி வந்தால் சரி. மஞ்சளாக, மெலிதாக வந்தால் இக்னிஷன் காயில் அல்லது பிளக் ஒயர்.

இன்னொரு ரகம் உண்டு. குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக ஓடி, முக்கால் மணி நேரம் கழித்து நடுரோட்டில் நின்றுவிடும். அரை மணி நேரம் ஆற விட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். பட்டறைக்குப் போய்ச் சேரும்போது வண்டி நல்ல பிள்ளையாக இருப்பதால் யாரும் நம்ப மாட்டார்கள். நின்ற இடத்திலேயே பொறி இருக்கிறதா என்று பாருங்கள். பொறி இல்லை என்றால், இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார் மேல் ஈரத்துணியைச் சுற்றி ஐந்து நிமிஷம் பொறுத்துப் பாருங்கள். அதோடு எடுத்துக்கொண்டால் சென்சார்தான்.

மிஸ் அடிக்கிறது, ஐடிலில் ஆடுகிறது

நாலு சிலிண்டர் வண்டியில் ஒன்று படுத்தால் கொஞ்சம் நடுங்கும். மூன்றில் ஒன்று படுத்தால் டாஷ்போர்டே கிடுகிடுக்கும். அந்த வகையில் 800 ஒளிக்காமல் சொல்லிவிடும். இன்ஜின் ஓடும்போது ஒவ்வொரு இன்ஜெக்டரின் கனெக்டரையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றி மாட்டுங்கள். பிளக் ஒயரைப் பிடுங்கிப் பார்ப்பது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம், இதில் அது காயிலுக்கும் கைக்கும் கேடு. எந்தக் கனெக்டரைக் கழற்றினால் இன்ஜின் ஆட்டத்தில் மாற்றமே இல்லையோ, அந்தச் சிலிண்டர்தான் படுத்திருக்கிறது.

சிலிண்டர் தெரிந்துவிட்டதா? அதன் பிளக்கை பக்கத்துச் சிலிண்டரோடு மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே போனால் பிளக். போகாவிட்டால் ஒயரை மாற்றிப் பாருங்கள், அப்புறம் இன்ஜெக்டர். எதற்கும் அசையாமல் அதே சிலிண்டரில் நின்றால் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்க்க வேண்டும். கழற்றிய பிளக்கைத் துடைக்காமல் வெயிலில் பிடித்துப் பாருங்கள்: முனை இளம் பழுப்பாக இருந்தால் நலம், கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல், வெள்ளை வெளேரென்றால் காற்று அதிகம்.

மழைக்காலக் காலைகளில் மட்டும் மிஸ் அடித்தால் ராத்திரி பானெட்டைத் திறந்து, எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு இன்ஜினை ஓட விடுங்கள். பூச்செடிக்கு அடிக்கும் ஸ்பிரே பாட்டிலால் பிளக் ஒயர்கள் மேல் லேசாகத் தண்ணீர்ப் புகை விடுங்கள். கெட்டுப்போன ஒயரில் நீல நிறத்தில் மின்மினி மாதிரி பொறி ஓடும். முதல் முறை பார்த்தபோது மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவ்வளவு அழகு.

மிஸ் இல்லை, ஐடில் மட்டும் ஏறி இறங்குகிறது என்றால் காற்றுக் கசிவு. இருபது வருஷத்து வேக்குவம் ஹோஸ்கள் முறுக்குபோல் ஆகியிருக்கும், வளைத்தாலே ஒடியும். அதே ஸ்பிரே பாட்டிலால் ஒவ்வொரு இணைப்பின் மேலும் அடியுங்கள். எந்த இடத்தில் இன்ஜின் சத்தம் மாறுகிறதோ அங்கே ஓட்டை. ஹோஸ் எல்லாம் நன்றாக இருந்தால் த்ராட்டில் பாடியையும் ஐடில் வால்வையும் கார்ப் கிளீனரால் கழுவுங்கள். இன்ஜின் ஆறிய பிறகு, திறந்த வெளியில்.

ஹீட் ஏறுகிறது

கேஜ் முள் சிவப்பைத் தொட்டால் ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். ஹீட்டர் உள்ள வண்டியில், ஓரம் கட்டும்வரை ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்தால் முள் கொஞ்சம் இறங்கும். மே மாதத்தில் அதில் உட்கார்ந்திருப்பது தண்டனைதான், இன்ஜினுக்கு நல்லது. ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும், கிட்டத்தட்ட 120 வரை, கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த நொடியில் அத்தனையும் ஆவியாக முகத்துக்கு வரும்.

எப்போது ஏறுகிறது என்பதில்தான் விடை. டிராபிக்கில் நின்றால் ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் பேன். நெடுஞ்சாலையில் 80-இல் போகும்போது ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு), அல்லது வாட்டர் பம்ப். தண்ணீர் தினம் குறைந்துகொண்டே வந்து, தரையில் சொட்டும் இல்லை என்றால் கவலைப்பட வேண்டியது ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு.

பேன் சோதிக்க, அதன் கனெக்டரைக் கழற்றி பேட்டரியிலிருந்து நேராக இரண்டு ஒயர் கொடுங்கள். சுற்றினால் மோட்டார் நல்லது. ரிலே, பியூஸ், சென்சார் பக்கம் தேடுங்கள். சுற்றவில்லை என்றால் மோட்டார்.

தெர்மோஸ்டாட் பற்றி எனக்கு ஒரு மனக்குறை. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்" என்று கழற்றி வீசுவது பல பட்டறைகளில் வழக்கம். அது இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் இன்ஜின் சூடே ஏறாது. இன்னும் குளிர்ச்சி என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட ஊற்றிக்கொண்டே இருக்கும். மைலேஜ் போகும், ஆயில் கெடும். சந்தேகமாக இருந்தால் கழற்றிச் சோதியுங்கள். அது திறக்கும் வெப்பநிலை அதன் மேலேயே பொறித்திருக்கும், 82 என்பதுபோல. பழைய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். கொதி வரும்முன் வால்வு திறக்க வேண்டும், ஆறினால் மூட வேண்டும். பாத்திரம் சமையலறைக்குத் திரும்பப் போகக் கூடாது, இதை முன்கூட்டியே வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

ரேடியேட்டர் அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் போர் தண்ணீர். வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தில் படியும் அதே வெள்ளை உப்புத்தான் உள்ளே குழாய்களிலும் படிகிறது. இன்ஜின் சூடாக ஓடிய பிறகு அணைத்துவிட்டு, பேன் கனெக்டரைக் கழற்றிவிட்டு ரேடியேட்டரின் முன்பக்கத்தை மெதுவாகத் தடவிப் பாருங்கள். நடுவில் குளிர்ந்த திட்டு தட்டுப்பட்டால் அங்கே தண்ணீர் ஓடவில்லை. கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றிப் பழகுங்கள்; அவசரத்துக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் ஊர் வந்ததும் வடித்துவிடுங்கள்.

ஹெட் கேஸ்கெட் சந்தேகத்துக்கு, ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ரேடியேட்டர் வாயில் நிற்காமல் குமிழி வந்துகொண்டே இருந்தாலும், ஆயில் மூடியின் அடியில் பால் காபி நுரை மாதிரி ஒட்டியிருந்தாலும் ஓட்டாதீர்கள். ஹெட்டைக் கழற்றினால் லேத்தில் கொடுத்து மட்டம் பார்க்காமல் திரும்ப மாட்டக் கூடாது. புதுக் கேஸ்கெட் மட்டும் போட்டால் மூன்று மாதத்தில் அதே இடத்தில் நிற்பீர்கள்.

புகை

கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம்; ஏர் பில்டர், ஆக்சிஜன் சென்சார். வெள்ளை, இனிப்பு வாடையோடு, இன்ஜின் சூடான பிறகும் நிற்காமல் வந்தால் கூலன்ட் எரிகிறது. மார்கழிக் காலையில் முதல் ஐந்து நிமிஷம் வருவது வெறும் ஈரம், விட்டுவிடுங்கள். நீலம் என்றால் ஆயில். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு குப் என்று வந்து அடங்கினால் வால்வு சீல். ஏற்றத்தில் ஆக்சிலேட்டர் மிதிக்கும்போதெல்லாம் வந்தால் ரிங். உறுதி செய்ய, கம்ப்ரெஷன் எடுத்துவிட்டு, பிளக் துளை வழியே ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு.

ஆயில் குடிக்கிறது என்றதும் சிலிண்டரைக் குடைந்து போரிங் செய்யச் சொல்பவர்கள் உண்டு. ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு குறைகிறது என்று முதலில் டிப்ஸ்டிக்கில் அளந்து எழுதுங்கள். அரை லிட்டருக்குள் என்றால் நான் ஊற்றிக்கொண்டே ஓட்டுவேன்.

மைலேஜ் குறைந்துவிட்டது

டயர் காற்றைப் பார்த்துவிட்டு, நாலு சக்கரத்தையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். ஒன்று இறுக்கமாக நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஓட்டி வந்ததும் அந்தச் சக்கரம் மட்டும் கொதிப்பதிலிருந்தும் தெரியும். நாலாவது கியரில் 40-இல் போகும்போது முழுதாக மிதித்துப் பாருங்கள்: இன்ஜின் அலறி, வண்டி வேகம் எடுக்காவிட்டால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. இவை எல்லாம் சரி என்றால், இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் என்பதையும் கணக்கில் வையுங்கள். எத்தனாலில் பெட்ரோலைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால் கொஞ்சம் மைலேஜ் போகத்தான் செய்யும். அது தண்ணீரை உறிஞ்சும், பழைய ரப்பருக்கும் ஆகாது. பெட்ரோல் ஹோஸ்களை வருஷத்துக்கு ஒரு முறை விரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்போ பிசுபிசுப்போ தெரிந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும்.

சத்தங்கள்

ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது "டிக் டிக் டிக்" என்றால் ஆக்சில் ஜாயின்ட். அதன் ரப்பர் பூட் கிழிந்ததை முதலிலேயே கவனித்திருந்தால் பூட்டும் கிரீஸும் மாற்றியதோடு போயிருக்கும். வேகத்தோடு சேர்ந்து ஏறும் "ஊ" சத்தம் வீல் பேரிங். எந்தப் பக்கம் என்று அறிய, காலியான ரோட்டில் மெல்ல இடமும் வலமும் திருப்புங்கள். இடப்பக்கம் திருப்பும்போது கூடினால் எடை வலப்பக்கம் சாய்கிறது, அதனால் வலப்பக்கப் பேரிங். ஸ்பீடு பிரேக்கரில் "டொக்" என்பதற்கு லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், ஷாக் அப்சார்பர் மவுன்ட் என்று பல பேர் உண்டு. சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் எங்கே என்று கண்ணில் தெரியும்.

பிரேக்

பெடலை ஒரே அழுத்தத்தில் பிடித்திருந்தால் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறதா? வெளியே கசிவும் இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டர். பஞ்சுபோல் இருந்து, இரண்டு மூன்று முறை பம்ப் செய்தால் கெட்டிப்பட்டால் ஒன்று உள்ளே காற்று இருக்கிறது, இல்லை பின்பக்க டிரம் அட்ஜஸ்ட்மென்ட் விட்டுப்போயிருக்கிறது. ஒரு பக்கம் இழுத்தால் எதிர்ப் பக்கத்துச் சக்கரம் வேலை செய்யவில்லை என்று தொடங்குங்கள். பேட் மாற்றுவது வரை நான் வீட்டிலேயே செய்வேன். மாஸ்டர் சிலிண்டரும் பைப்பும் பட்டறை வேலை. பிரேக், ஸ்டீயரிங், பால் ஜாயின்ட் இந்த மூன்றுக்கும் பழைய சாமான் வாங்குவதில்லை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும்.

மழை பெய்தால் கால்மிதி நனைகிறது

கதவு ரப்பரை மாற்றச் சொல்வார்கள், கண்ணாடி பீடிங்கை மாற்றச் சொல்வார்கள். முதலில் பானெட்டைத் திறந்து, முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் மோட்டார் இருக்கும் பள்ளத்தைப் பாருங்கள். அங்கே விழும் தண்ணீர் வடிவதற்கு இரண்டு ஓரத்திலும் துளை உண்டு. என் வண்டி வேப்ப மரத்தடியில் நிற்கும். பூவும் இலையும் பழமும் மக்கி, ஒரு கைப்பிடி உரமாக அந்தத் துளையை அடைத்திருந்தது. தண்ணீர் அங்கே தேங்கி, காற்று வரும் வழியாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. வளையும் கம்பியால் குத்திவிட்டு ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினேன், முன்சக்கரத்துக்குப் பின்னால் கொட்டியது. உரம் மல்லிச் செடிக்குப் போனது.